மாஊன் சூரா: பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதும் சிந்திக்கப் பழக்குவதும்

கேள்வி சுருக்கமாக: "சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, காஃபா என்னும் மார்க்க வகுப்புக்குப் போகிறாள். மகனுக்கு 6, தடிக்காவில் (பாலர் பள்ளியில்) குர்ஆன் ஓதப் பழக்கும் இக்ரா பாடநூலை ஓதுகிறான். மகள் சின்னச் சூராக்களை மளமளவென்று ஒப்பித்துவிடுகிறாள், பொருள் கேட்டால் விழிக்கிறாள். வீட்டுக்காரருக்கு ஆலையில் ஷிப்ட் வேலை, சொல்லிக்கொடுப்பது நான்தான். ஒரு சூராவையாவது சரியாக ஓதவும், சிந்திக்கவும் பழக்க வேண்டும். எதில் தொடங்குவது, எப்படி?"

மாஊனில் தொடங்குங்கள், சகோதரி. குர்ஆனின் 107-வது சூரா (அத்தியாயம்), 7 ஆயத்துகள் (வசனங்கள்). நிதானமாக ஓதினாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆகவே பிள்ளை தொழுகையில் அன்றாடம் ஓதலாம். "பார்த்தீரா?" என்று கேள்வியோடு ஆரம்பிப்பதால் பேச்சைத் தொடங்க நீங்கள் தனியாக எதுவும் யோசிக்க வேண்டியதில்லை. முடிவது அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து வாங்கும் சாமான்களில். ஏணியும் பெரிய சட்டியும் சைக்கிள் பம்பும் வீட்டுக்கு வீடு போய்வரும் தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு அதை விளக்க அதிகம் பாடுபட வேண்டாம். ஓதல் பக்கம் பார்த்தாலும், தமிழ் நாவுக்குச் சிரமமான எழுத்துகளில் பல இந்த ஒரே சூராவில் வருகின்றன. இதைச் சரியாக ஓதப் பழகிய பிள்ளைக்கு மற்ற சின்னச் சூராக்களில் பாதி வேலை குறைந்துவிடும்.

ஆயத்துகளை அடையாளத்துக்காக மட்டும் தமிழ் எழுத்தில் தருகிறேன். பிள்ளைக்கு இதை வைத்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள், முஸ்ஹஃபை (அரபிக் குர்ஆன் பிரதியை) திறந்து வையுங்கள்.

1. அரஅய்தல்லதீ யுகத்திபு பித்தீன் – தீர்ப்பு நாளைப் பொய்யென்கிறவனைப் பார்த்தீரா?
2. ஃபதாலிகல்லதீ யதுஉல் யதீம் – அவன்தான் எத்தீமை (தந்தையை இழந்த சிறு பிள்ளையை) விரட்டித் தள்ளுகிறவன்.
3. வலா யஹுள்ளு அலா தஆமில் மிஸ்கீன் – ஏழைக்கு உணவு கொடுக்கும்படி தூண்டவும் மாட்டான்.
4. ஃபவைலுல் லில்முஸல்லீன் – ஆகவே, கேடுதான் இந்தத் தொழுகையாளிகளுக்கு.
5. அல்லதீனஹும் அன் ஸலாத்திஹிம் ஸாஹூன் – அவர்கள் தங்கள் தொழுகையில் பொடுபோக்கானவர்கள்.
6. அல்லதீனஹும் யுராஊன் – பிறர் பார்க்கவே செய்கிறவர்கள்.
7. வயம்னஊனல் மாஊன் – புழங்கும் சாமானைக்கூடக் கொடுக்க மறுப்பவர்கள்.

தமிழ் எழுத்தை நம்ப வேண்டாம் என்று சொல்லக் காரணம் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இங்கே "த" என்று நான் எழுதியதெல்லாம் அரபியில் நான்கு வெவ்வேறு எழுத்துகள். நம்மில் பல பெற்றோர் சின்ன வயதில் தமிழில் எழுதிய தாளைப் பார்த்துத்தான் சூரா மனப்பாடம் செய்தோம். அந்தப் பிழை பிள்ளைக்கும் இறங்கிவிடக் கூடாது. ரூமியில் (மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில்) எழுதியதும் இதே கதைதான், அது மலாய்க்காரர் நாவுக்கு ஏற்ப எழுதப்பட்டது.

ஓதல் வாயிலிருந்து வாய்க்கு வரவேண்டியது. காஃபாவில் இதைத் தலக்கி என்பார்கள்: உஸ்தாது ஓத, பிள்ளை அவர் வாயைப் பார்த்துத் திருப்பி ஓதி, தப்பை அங்கேயே திருத்திக்கொள்வது. உங்கள் ஓதல் மீது உங்களுக்கே முழு நம்பிக்கை இல்லையென்றால் சூராவ் (சிறிய தொழுகைக்கூடம்) இமாமிடமோ காஃபா உஸ்தாஸாவிடமோ முதலில் நீங்கள் இந்த 7 ஆயத்தையும் ஒருமுறை ஓதிக்காட்டி வாருங்கள். 10 நிமிட வேலை. வீட்டில் துணைக்கு ஷேக் ஹுஸரி, மின்ஷாவி இருவரும் கற்பிப்பதற்கென்றே நிறுத்தி நிறுத்தி ஓதிய ஒலிப்பதிவுகள் உண்டு. மின்ஷாவியுடையதில் சிறுவர்கள் பின்னாலேயே திருப்பி ஓதுவார்கள், மகன் வயதுக்கு அது மிகவும் பிடிக்கும். ராகம் போட்டு இழுத்து ஓதும் பதிவுகளை இப்போதைக்கு விடுங்கள். பிள்ளை ராகத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடும்.

நேரம் 15 நிமிடம் போதும், 20-ஐத் தாண்ட வேண்டாம். மஃரிபு (அந்தித்) தொழுகைக்கும் இஷா (இரவுத்) தொழுகைக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. தொழுது முடித்த கையோடு உட்கார்ந்தால் பிள்ளைக்குத் தூக்கம் வருவதற்குள் முடிந்துவிடும். ஒரு விஷயம்: அந்தி மழை தகரக் கூரையில் கொட்டும் நாளில் புதிய ஆயத்து தொடங்காதீர்கள். தொண்டை எழுத்துகளான ஐனும் ஹம்ஸாவும் காதில் பிரிந்து கேட்காத சத்தத்தில் பிள்ளை தான் கேட்டதாக நினைத்ததை ஓதும், மறுநாள் திருத்துவது இரட்டை வேலை. அன்று பொருளைப் பற்றிப் பேசுங்கள், ஓதலை சுபுஹு (அதிகாலைத்) தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளுக்கு வருகிறேன். தமிழ் பேசும் பிள்ளைக்கு முதல் குழப்பம் அந்த "த"தான், ஆனால் அதைத் தீர்க்கும் வழியும் தமிழிலேயே இருக்கிறது. "அது" என்று சாதாரணமாகப் பேசச் சொல்லுங்கள். நாக்கு நுனி மேல்பல்லின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் காற்று கசியும். அல்லதீ, யுகத்திபு, ஃபதாலிக, அல்லதீன ஆகியவற்றில் வரும் புள்ளி வைத்த தால் அந்த ஓசை. அடுத்து "பந்து" சொல்லச் சொல்லுங்கள். அங்கே நாக்கு பல்லின் பின்பக்கத்தில் அழுந்திக் காற்றை அடைத்துவிடுகிறது. பித்தீன், யதுஉ இரண்டிலும் வரும் புள்ளியில்லாத தால் அது. "பத்து" சொன்னால் வரும் வல்லின ஓசை யதீமிலும் ஸலாத்திஹிமிலும் வரும் தா. அது, பந்து, பத்து – இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லவைத்துவிட்டு ஆயத்துக்கு வாருங்கள். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் த தானாகவே மெலிந்துவிடும் என்பதால், கவனிக்காவிட்டால் யதுஉவும் யதீமும் இரண்டுமே "அது"வின் ஓசைக்குப் போய்விடும். பெரும்பாலான பிள்ளைகள் வழுக்குவது அங்கேதான். நான்காவது, தஆமில் வரும் தடித்த தா: நாக்கின் பின்பகுதியை மேலே தூக்கி வாய் நிறையச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஐன். இந்தச் சூராவில் ஆறு சொற்களில் வருகிறது: யதுஉ, அலா, தஆம், அன், யம்னஊன, மாஊன். ஆறையும் வெறும் அ, உ என்று ஓதுவதுதான் வழக்கமான பிழை. பிள்ளையை "ஆ" என்று நீட்டச் சொல்லி, நீட்டும்போதே தொண்டையின் நடுப்பகுதியைக் கொஞ்சம் இறுக்கச் சொல்லுங்கள். கழுத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தால் பிள்ளைக்கே தெரியும். யதுஉவில் ஐன் ஷத்தோடு இரட்டித்து வருவதால், முதலில் "யதுஃ" என்று ஐனில் நிறுத்தி, அப்புறம் "உல் யதீம்" சேர்க்க வேண்டும். அவசரத்தில் ஓதும் பிள்ளை "யதுல் யதீம்" என்று ஐனையே விழுங்கிவிடும். பயிற்சிக்கு மிக நல்ல இடம் கடைசி இரண்டு ஆயத்துகள். யுராஊனில் வருவது ஹம்ஸா, மாஊனில் வருவது ஐன். இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து ஓதவைத்து, உங்கள் காதுக்கு வித்தியாசம் கேட்கிறதா பாருங்கள். கேட்கவில்லையென்றால் ஐன் இன்னும் வரவில்லை.

யஹுள்ளுவில் ஒரே சொல்லில் இரண்டு சிரமம். அதில் வரும் ஹா தொண்டை நடுவிலிருந்து கரகரப்பில்லாமல் காற்றாக வரவேண்டியது. ஹும், ஸாஹூன் சொற்களில் வரும் ஹாவோ அடித்தொண்டையிலிருந்து வரும் வேறு எழுத்து. அடுத்தது ளாத். நம் ஊர்ப் பழக்கத்தில் அதை "ள" என்போம், காஃபாவில் மலாய்ப் பழக்கத்தில் "ட"வுக்கும் "த"வுக்கும் கிட்டத்தில் கேட்டு வரும் பிள்ளை, வீட்டில் வேறு மாதிரி கேட்டுக் குழம்பும். யார் சரி என்று அதன் முன்னால் வாதாட வேண்டாம். நாக்கின் பக்கவாட்டு விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களில் அழுந்த வேண்டும், நுனி அல்ல. அந்த இடத்தை உஸ்தாது காட்டிக்கொடுத்தபடியே வீட்டிலும் பிடித்துக்கொள்ளுங்கள். இடம் சரியாகும்வரை மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை, மற்ற ஆயத்துகளை அதற்காக நிறுத்திவைக்காதீர்கள்.

மகனுக்கு 6 வயது என்றீர்கள். முன்பல் விழும் பருவம். பல் இல்லாத இடத்தில் புள்ளி வைத்த தாலும் ஸீனும் ஸாதும் விசில் மாதிரிதான் வரும். அதற்காகத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பிள்ளையை வெறுக்கடிக்காதீர்கள். பல் முளைத்ததும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

நீட்டலில் பெரிதாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. 7 ஆயத்தும் தீன், யதீம், மிஸ்கீன், முஸல்லீன், ஸாஹூன், யுராஊன், மாஊன் என்று நெடிலும் மெய்யுமாக முடிகின்றன. அங்கே நிறுத்தும்போது 2, 4, 6 ஹரகத் (ஒரு ஹரகத் என்பது ஒரு குறில் ஒலிக்கும் அளவு) நீட்டலாம், மூன்றும் கூடும். ஆனால் ஒன்றில் 2, இன்னொன்றில் 6 என்று மாற்றக்கூடாது. மகளுக்கு எல்லாவற்றிலும் 4 வையுங்கள். மகனின் மூச்சுக்கு 2 போதும். மற்றொன்று யுராஊன்: "ரா"வுக்குப் பின் அதே சொல்லில் ஹம்ஸா வருவதால் அதை 4 அல்லது 5 ஹரகத் நீட்டியே ஆக வேண்டும். இதற்கு எதிரான பிழையும் உண்டு: "ஃபதாலிகா", "யஹுள்ளூ" என்று குறிலை நெடிலாக்குவது. ஐந்தாவது ஆயத்தில் "அன் ஸலாத்திஹிம்" என்னுமிடத்தில் நூன் முழுதாக ஒலிக்காமல் மூக்கில் 2 ஹரகத் மறைந்து ஒலிக்க வேண்டும். "ஸலாத்திஹிம் ஸாஹூன்" என்னுமிடத்தில் மீமை அப்படி இழுக்கக் கூடாது, உதட்டை மூடித் தெளிவாகத் திறந்துவிட வேண்டும். பிள்ளைகள் இரண்டையும் ஒரே மாதிரி மூக்கால் இழுத்துவிடுவார்கள். "ஃபவைலுல் லில்" என்பதில் தன்வீன் (சொல் முடிவின் "ன்" ஓசை) லாமுக்குள் போய்விடுகிறது, குன்னா (மூக்கொலி) கிடையாது. வாவ் வருமிடங்களில் தமிழ் "வ" மாதிரி பல்லில் உதடு படாமல், உதட்டைக் குவிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது ஆயத்தில் நிறுத்துவது பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆயத்தின் முடிவிலும் நபி (ஸல்) நிறுத்தி ஓதுவார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவித்த ஹதீஸ் இருப்பதால் அங்கே நிறுத்துவது தவறில்லை. ஆனால் "தொழுகிறவர்களுக்குக் கேடு" என்பதோடு நின்றால் பேச்சு பாதியில் நிற்கிறது. இந்திய அச்சு முஸ்ஹஃபுகள் பலவற்றில் அந்த இடத்தில் சிறிய "லா" குறி போட்டிருப்பது அதனால்தான். பிள்ளைக்கு 4, 5 இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்: "லில்முஸல்லீனல்லதீனஹும் அன் ஸலாத்திஹிம் ஸாஹூன்". சேர்த்து ஓதும்போது முஸல்லீனவின் "லீ" 2 ஹரகத்தோடு நிற்கும். மூச்சுப் போதாமல் மகன் 4-இல் நிறுத்தினால் பாதகமில்லை, உடனே 5-ஐ எடுக்க வேண்டும். தொழுகையில் அங்கேயே முடித்து ருகூவுக்கு (குனியும் நிலைக்கு) போகக் கூடாது.

இனி நாள்கணக்கு. முதல் நாள் ஓதல் கிடையாது, கேட்பது மட்டும். சூரா முழுவதையும் மூன்று முறை ஓட விடுங்கள். மறுநாள் 1, 2 ஆயத்துகள். நீங்கள் மூன்று முறை ஓதுங்கள், பிள்ளை உங்கள் வாயைப் பார்க்கட்டும். பிறகு முஸ்ஹஃபில் விரல் வைத்து ஐந்து முறை, கண்ணை மூடி மூன்று முறை. அதற்கடுத்த நாள் பழையதைக் கேட்டுவிட்டுத்தான் புதியது. மூன்றாவது ஆயத்துக்குத் தனியே ஒரு முழு நாள் வேண்டும், யஹுள்ளுவும் தஆமும் அதில் இருக்கின்றன. அப்புறம் 4, 5 சேர்த்து இரண்டு நாள். 6, 7 சேர்த்து ஒரு நாள். இரண்டு வாரத்தில் மகளுக்கு அமைந்துவிடும். மகன் முதல் மூன்று ஆயத்தில் நின்றாலும் அவன் வயதுக்கு அது நிறைவுதான்.

மனப்பாடம் ஆனபின் தடம் மாறும் இடங்கள் தெரிந்தே இருக்கின்றன. அத்தீன் சூரா ஏற்கனவே தெரிந்த பிள்ளை, முதல் ஆயத்தின் "யுகத்திபு பித்தீன்" வந்ததும் "அலைஸல்லாஹு பிஅஹ்கமில் ஹாகிமீன்" என்று அங்கே போய்விடும், ஏனெனில் அதன் ஏழாவது ஆயத்தும் பித்தீனில்தான் முடிகிறது. "ஃபவைலுல்" வந்ததும் ஹுமஸா சூராவின் தொடக்கத்துக்குத் தாவும் பிள்ளைகளும் உண்டு. "அல்லதீனஹும்" இரண்டு முறை வருவதால் 4-இலிருந்து நேரே 6-க்குப் போவது மிகச் சாதாரணம். முழுச் சூராவையும் பத்து முறை ஓதவைப்பதால் இவை தீராது. தடம் மாறும் இடத்தை மட்டும் எடுத்து, முந்திய ஆயத்தின் கடைசிச் சொல்லையும் அடுத்ததன் முதல் சொல்லையும் சேர்த்துப் பழக்குங்கள்: "பித்தீன் – ஃபதாலிக", "முஸல்லீனல்லதீனஹும் அன்", "ஸாஹூன் – அல்லதீனஹும் யுராஊன்". பொருள் தெரிந்த பிள்ளை இங்கே குறைவாக வழுக்கும். முதலில் தொழுகையில் கவனமின்மை, அப்புறம் பகட்டு, அப்புறம் கஞ்சத்தனம் என்ற வரிசை அதன் மனத்தில் இருக்கும்.

பொருளைத் தமிழிலேயே சொல்லுங்கள். காஃபாவில் மலாயில் கேட்டிருப்பாள், ஆனால் வீட்டுக்குள் நடக்கும் காரியங்களை அவள் தமிழில்தான் யோசிக்கிறாள். யதீமும் மிஸ்கீனும் மலாயிலும் நம் பேச்சிலும் ஏற்கனவே இருக்கும் சொற்கள், அவற்றை அவளே கண்டுபிடிக்கட்டும். மொழிபெயர்ப்பை ஒப்பிக்க வைக்காதீர்கள். அது இன்னொரு மனப்பாடமாகிவிடும், நீங்கள் குறைப்பட்டதே அதைத்தானே. பேச்சு இப்படிப் போகலாம்:

"எத்தீமுன்னா யாரும்மா?"

"பெரியவங்களாகுறதுக்குள்ள அத்தா மௌத்தாயிட்ட பிள்ளை. நம்ம நபி பிறக்கறதுக்கு முந்தியே அவங்க அத்தா போயிட்டாங்க. அவங்க உம்மா போனப்ப நபிக்கு தம்பி வயசு, ஆறு."

"அப்ப யாரு பாத்துக்கிட்டா?"

"முதல்ல பாட்டனார், அப்புறம் பெரியத்தா அபூதாலிப். சரி, இந்த ஆயத்துல ஒருத்தன் எத்தீமை என்ன பண்றான்?"

"தள்ளுறான்."

"கையால மட்டும்தான் தள்ள முடியுமா?"

இந்தக் கடைசிக் கேள்வியில் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாதது, பக்கத்தில் உட்காரவிடாதது, பெருநாள் சட்டையைக் காட்டிச் சீண்டுவது என்று பிள்ளைகளே அடுக்குவார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் "ஆமாம்" என்பார்கள், அதோடு முடிந்தது. "எத்தீமைப் பொறுப்பேற்பவரும் நானும் சொர்க்கத்தில் இப்படி இருப்போம்" என்று நபி (ஸல்) ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் காட்டியது புகாரி ஹதீஸ் நூலில் வருகிறது. மகன் தன் இரண்டு விரலையும் நீட்டிப் பார்க்கட்டும். பெயர் சொல்லி இன்ன பிள்ளை எத்தீம் என்று ஊரில் அடையாளம் காட்ட மட்டும் விடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அதுவே ஒரு தள்ளல்தான்.

மூன்றாவது ஆயத்தில் பிள்ளைகளுக்கென்றே ஒரு வாசல் திறந்திருக்கிறது. உணவு கொடுக்காததைக்கூட அங்கே சொல்லவில்லை, கொடுக்கும்படி தூண்டாததைக் குறை சொல்கிறது. கையில் காசில்லாத 9 வயதுப் பிள்ளையும் செய்யக்கூடியது தூண்டுதல்: "அம்மா, முக்கு வீட்டுப் பாட்டி தனியா இருக்காங்க, அவங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைப்போமா?" பாட்டி எந்த மதம் என்று ஆயத்து கேட்கவில்லை. அப்படி அவள் சொல்லும் நாளில் நீங்கள் "அப்புறம் பாக்கலாம்" என்றால் ஒரு வாரப் பாடம் வீணாகிவிடும். குழம்பு குறைவாக இருந்தாலும் ஒரு கிண்ணம் எடுத்து அவள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

4, 5-இல் பிள்ளை பயப்படலாம். "நேத்து தொழுகையில எத்தனை ரகஅத்துன்னு மறந்துட்டேன், எனக்குக் கேடா?" என்று மகள் கேட்டால் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். நபி (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரகஅத் தொழுகையில் இரண்டில் ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் என்ற தோழர் கேட்டபிறகு மீதியைத் தொழுது மறதிக்கான ஸஜ்தா செய்தார்கள். தொழுகைக்குள் வரும் மறதிக்கு வழி வைத்தாகிவிட்டது. ஆயத்து பேசுவது தொழுகையையே பொருட்படுத்தாதவர்களைப் பற்றி: நேரத்தைத் தாண்டவிடுகிறவர்கள் என்று ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) வழியாகவும், ஆள் பார்க்கும்போது தொழுது தனிமையில் விட்டுவிடுகிற நயவஞ்சகர்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகவும் விளக்கம் வந்திருக்கிறது. தொழச் சுணங்கும் பிள்ளையைப் பார்த்து "ஃபவைலுல் லில்முஸல்லீன்!" என்று அதட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இறைவசனத்தைப் பிரம்பாக்கினால் பிள்ளை அதை விட்டு விலகத்தான் பார்க்கும்.

ஆறாவது ஆயத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது கையில் ஹேண்ட்போன் இருக்கக் கூடாது. பிள்ளை ஓதுவதைப் பிடித்து டிக்டாக்கிலும் உறவினர் வாட்ஸப்பிலும் போட்டுவிட்டு, காட்டிக்கொள்வது தவறென்று நாம் சொன்னால் அது எதை நம்பும்? பிழை பார்க்க ஒலிப்பதிவு செய்வது நல்லது; கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், அழித்துவிடுங்கள். அதே நேரம், உம்மா பாராட்டினால் பிள்ளை முகம் மலர்வது முகஸ்துதி ஆகாது. ஒருவர் நற்செயல் செய்ய மக்கள் அவரைப் புகழ்வதைப் பற்றிக் கேட்டபோது, அது இறைநம்பிக்கையாளருக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்று நபி (ஸல்) சொன்னதாக முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் உண்டு. தாராளமாகப் பாராட்டுங்கள். "பாட்டு மாதிரி இருந்துச்சு" என்று குரலைப் பாராட்டாமல், "இன்னிக்கு யஹுள்ளு நல்லா வந்துச்சு" என்று வேலையைப் பாராட்டுங்கள்.

இங்கே இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. ரமளானில் எத்தீம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பொட்டலத்தைக் கொடுத்துப் படம் பிடிக்கும் நிகழ்ச்சிகளுக்கு மகளை அழைத்துப்போக நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் இந்தச் சூராவை ஓதச் சொல்லிவிட்டு, "அந்தப் பிள்ளைங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 2-ஆவது ஆயத்தும் 6-ஆவது ஆயத்தும் ஒன்றையொன்று தொடும் இடத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.

ஏழாவது ஆயத்தின் மாஊனுக்கு ஜகாத் என்று பொருள் சொன்னவர்கள் அலீ (ரலி), இப்னு உமர் (ரலி) போன்றோர். நபியின் காலத்தில் வாளியையும் சட்டியையும் இரவல் கொடுப்பதையே நாங்கள் மாஊன் என்று கருதினோம் என்கிறார் இப்னு மஸ்ஊத் (ரலி). பிள்ளைக்கு இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள், அது கண்ணால் பார்க்கக்கூடியது. வீட்டைச் சுற்றி வந்து, அக்கம்பக்கத்தார் கேட்டால் கொடுக்கக்கூடிய சாமான்களைப் பிள்ளைகளே எண்ணட்டும்: ஏணி, தேங்காய்த் துருவி, விருந்துச் சட்டி, சைக்கிள் பம்பு, குடை. அப்புறம் ஆளுக்கொரு சாமானைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். பம்பு மகனுடையது என்றால் யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது அவன், திரும்பி வந்ததா என்று பார்ப்பதும் அவன்.

இதில் கோளாறு வரும் இடம் தெரிந்ததே. மகள் கலர் பென்சில் கொடுப்பாள், முனை முறிந்து திரும்பி வரும், அழுவாள். "குடுக்கச் சொன்ன நீங்கதானே" என்பாள். இரவல் வாங்குபவருக்கும் கடமை உண்டு என்பதை அப்போது சொல்லுங்கள்: வாங்கிய பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தருவது அமானிதம். ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இரவல் பொருள் கெட்டால் வாங்கியவர் ஈடு தரவேண்டும், அனுமதித்தபடி பயன்படுத்தித் தேய்ந்ததற்கு மட்டும் விலக்கு. ஹனஃபியில் கவனக்குறைவு இருந்தால்தான் ஈடு. இத்தனையும் அவளுக்கு வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அவளிடம் கேட்க வேண்டியது: "அடுத்த தடவை அவ கேட்டா என்ன பண்ணுவே?" கொடுக்க மாட்டேன் என்று சொன்னாலும் திட்டாதீர்கள். தனக்கு மிகவும் பிடித்ததை விட்டு வேறொன்றைக் கொடுக்கலாம் என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்தால் அதுவே சிந்தனைதான். இருப்பதையெல்லாம் வாரிக் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் ஆயத்து அல்ல இது.

மகள் 10, 11 வயதுக்கு வரும்போது முன்பின் சூராக்களோடு சேர்த்துப் பார்க்கலாம். முந்திய குறைஷ் சூராவில் அல்லாஹ் அவர்களுக்குப் பசிக்கு உணவளித்ததைச் சொல்கிறான். மாஊனில் அடுத்தவர் பசிக்குத் தூண்டாதவன் வருகிறான். அடுத்த கவ்ஸரில் "உம் இறைவனுக்காகத் தொழுது, அறுத்துப் பலியிடுவீராக" என்று வருகிறது. மாஊனில் தொழுகை பிறர் பார்க்க, கவ்ஸரில் இறைவனுக்காக. மூன்றையும் ஒரே உட்காரலில் ஓதவைத்துவிட்டு, என்ன ஒற்றுமை, என்ன மாறுபாடு என்று கேளுங்கள்.

சூரா அமைந்துவிட்டதா என்று பார்க்க மூன்று சோதனை போதும். நடுவிலிருந்து, அதாவது 3-ஆவது ஆயத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஓதினால் மனப்பாடம் உறுதி. யுராஊன், மாஊன் இரண்டையும் நீங்கள் திரும்பி உட்கார்ந்து காதால் மட்டும் கேளுங்கள்; ஹம்ஸாவும் ஐனும் பிரிந்து கேட்டால் நாவு பழகிவிட்டது. மூன்றாவதாக, தம்பிக்கு அக்கா தன் சொந்த வார்த்தையில் பொருள் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். இவை ஆனதும் ஒரு வாரம் மஃரிபின் சுன்னத்திலோ வித்ரிலோ மாஊனை ஓதவிட்டு, பிறகு கவ்ஸருக்குப் போங்கள். அது மூன்றே ஆயத்து. அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது "வன்ஹர்" என்பதன் ஹா. அதற்கு யஹுள்ளுவில் பழகிய அதே தொண்டை நடுப்பகுதிதான்.